நாலு அறைப் பெட்டிக்கு வந்த ஆபத்து

பூதக்கண்ணாடி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பற்பசைக் குழாயில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பாள். அவசரமாகக் கிளம்பும்போதும் நின்று படிப்பாள் என்பதுதான் வீட்டாரின் புகார்.

அன்று அவள் அத்தையோடு நூலக அரங்குக்கு வந்திருந்தாள். அத்தை கார்ட்டூன் படம் எடுப்பவர். ஊர் சுற்றக் கிளம்பும் ஒரு நத்தையின் கதையை வருடக்கணக்கில் வரைந்து, குட்டிப் படமாக எடுத்திருந்தார். இன்றுதான் முதல் காட்சி. படமும் அத்தனை ஓவியங்களும் அத்தை நெஞ்சோடு அணைத்திருந்த கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன.

பெட்டியில் நாலு அறைகள். அறைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்.

"ஒரு டிஸ்க் கெட்டாலும் மத்த மூணும் சேர்ந்து படத்தைக் காப்பாத்திடும். அதான் வேற எங்கயும் பிரதி எடுத்து வைக்கல" என்றார் அத்தை. பேச்சில் பெருமை வழிந்தது.

அரங்கில் புரொஜெக்டரை இயக்கும் அண்ணன் பெட்டியைக் கணினியோடு இணைத்தார். பெட்டி திறக்கவில்லை. டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா என்று திரை கேட்டது. அண்ணன் 'ஆம்' என்று அழுத்தினார். உடனே இன்னொரு கேள்வி வந்தது.

"இது இப்படித்தான் நச்சரிக்கும். ரெண்டு தடவை ஆமாம் போட்டா அடங்கிடும்" என்றபடி மவுஸை நகர்த்தினார்.

"அண்ணா, கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் நாற்காலியோடு பின்னால் உருண்டார்.

"கீழே பொடியா எழுதியிருக்கு, பாருங்க. 'உள்ளே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும்'னு!"

அண்ணன் குனிந்து படித்தார். முகம் வெளுத்துவிட்டது. 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, பெட்டியை மெல்லக் கழற்றினார்.

அத்தைக்குக் கண் கலங்கியது. "நாலு டிஸ்க் இருந்தும் ஒரு விரல்ல எல்லாம் போயிருக்குமே! இல்ல, ஏற்கெனவே போயிடுச்சா? ஏன் திறக்க மாட்டேங்குது?"

"ஒரு டிஸ்க்கை மட்டும் உருவி மாட்டிப் பார்ப்போமா?" என்றார் அண்ணன்.

"ஐயோ, வேண்டாம்! படம் நாலுலயும் துண்டு துண்டா இருக்கு. தனியா எடுத்தா ஒண்ணும் புரியாது" என்று தடுத்தார் அத்தை.

பூதக்கண்ணாடி யோசித்தாள். "அத்தை, உங்க கம்ப்யூட்டர் வேற வகை, இது வேற வகை. அது எழுதினதை இதுக்குப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான். படம் உள்ளேதான் இருக்கும்."

"இருந்து என்ன பண்றது? பசங்க எல்லாம் வந்தாச்சே!"

"என் பென்டிரைவ் ஸ்கூல்லயும் திறக்குது, உங்க வீட்டுலயும் திறக்குது. ரெண்டு வகைக்கும் அதைப் படிக்கத் தெரியும். அதுல படத்தை ஏத்திட்டு வந்துடுவோமா?"

அத்தை வீடு அடுத்த தெருதான். ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். வீட்டுக் கணினியில் பெட்டி சமர்த்தாகத் திறந்தது. நத்தை பத்திரமாக இருந்தது. அத்தைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் பென்டிரைவில் இடமில்லை.

"என்னடி இது, எல்லாமே பூனை தூங்குற வீடியோவா?"

"ஒவ்வொண்ணும் வேற வேற தூக்கம் அத்தை!"

தூக்கங்களையெல்லாம் அத்தையின் கணினிக்கு மாற்றிவிட்டு, படத்தை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

அரங்கில் பிள்ளைகள் தரையைக் காலால் தட்டி ரகளை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் பென்டிரைவைச் செருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "நீயே திறம்மா. நான் எதையும் தொட மாட்டேன்."

அவள் திறந்தாள். நத்தை திரையில் ஊர்ந்து வந்தது. ரகளை அடங்கி, சிரிப்பு கிளம்பியது.

படம் முடிந்ததும் அத்தை அவளையும் இழுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

"வரைஞ்சது நான். ஆனா இந்தப் படத்தை அழியாம காப்பாத்தினது என் அண்ணன் பொண்ணு!"

அரங்கமே கைதட்டியது. புரொஜெக்டர் அறையிலிருந்து ஒரு விசிலும் வந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் கூச்சப்படலாம் என்று முயன்று பார்த்தாள், முடியவில்லை. நிமிர்ந்து நின்று, கடைசிக் கைதட்டல் ஓயும்வரை கேட்டுவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்கினாள்.