சுவருக்கு முன் நின்ற கட்டை

கட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்திருந்தது.

கிமா கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை நிமிர்த்தி மறுபடி பார்த்தாள். காலையில் நங்கூரம் போட்டதும் மேற்குச் சரிவில் அவள் தேர்ந்தெடுத்த அடையாளம் அது. பின்னால், ஆளில்லாத மாட்டுக்கொட்டிலின் சுண்ணாம்புச் சுவர். அதன் ஓரத்துக்கு நேர் முன்னால், எரிந்த பைன் மரத்தின் கறுத்த அடிக்கட்டை. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை படகு போட்ட இடத்தில் நிற்கிறது. கோடு பிரிந்தால் நங்கூரம் பிடிவிட்டு இழுபடுகிறது. மெனோர்காத் தீவில் படகு ஓட்டுகிறவர்கள் எந்தக் கருவியையும்விட இதைத்தான் நம்புவார்கள், ஏனென்றால் கரை நகராது.

மேலே மேட்டில் வடகாற்று ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. படகு நின்ற சிறு குடாவுக்குள் அதன் நுனி மட்டும் எப்போதாவது இறங்கி, தண்ணீரைச் சிலிர்க்க வைத்து, பாய்மரத்தில் ஒரு கயிற்றைத் தட்டிவிட்டு, ரோஸ்மேரிப் புதர்களின் வாசனையையும் கரையில் ஒதுங்கி அழுகும் கடற்புல்லின் வாசனையையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, வெளியே திறந்த கடலைப் பார்த்து ஓடியது. இப்போது அதில் வேறொரு வாசனையும் இருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பல்.

"அண்ணே, எதையாச்சும் தீய விட்டியா?"

"நானா? அடுப்பே பத்த வைக்கல" என்றான் பியெல், படகின் சமையலறையிலிருந்து. அவளுடைய பெரியப்பா மகன். இந்தப் படகில் சமையலும் கயிறு வேலையும் அவனுடையவை. கேப்டன் வேலை தனக்கு வரும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவன்.

வேலை கிமாவுக்கு வந்தது. இதுதான் முதல் பயணம். கிளம்பும்போது முதலாளி சிந்தெஸ் அவன் எதிரிலேயே சொன்னார்: "நல்ல ஒதுக்கிடத்த விட்டுட்டு, சும்மா பயந்து ஓடி, வாடகைக்கு வந்தவங்கள அலையில போட்டு உருட்டினேன்னு கேள்விப்பட்டேன்னா, அடுத்த வாரமே படகு பியெலுக்கு."

இது நல்ல ஒதுக்கிடம்தான். வடகாற்று அடிக்கும் நாளில் தீவின் படகெல்லாம் தெற்குக் கரைக்கு ஓடிவரும். இரண்டு பக்கத்துக் குடாக்களிலும் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. இது மட்டும் காலி. காலையில் அந்தக் காலியிடத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். இப்போது அதையே வேறு மாதிரி யோசித்தாள்.

"மீன்பிடிக்காரங்க இங்க ஒதுங்க மாட்டாங்கன்னு சொன்னியே. ஏன்?"

"கேட்டா பேச்ச மாத்துவாங்க. நானும் அதுக்கு மேல கேக்கல. நீதான கேப்டன்? நீ கண்டுபிடி."

ஆழம் பார்த்தாள். மாறவில்லை. கிழக்குப் பக்கம் திரும்பி அங்கே வைத்த அடையாளத்தைப் பார்த்தாள்: குகை வாய், அதன் முன்னால் வளைந்த பைன். கோடு பிரியவில்லை.

படகு நகர்ந்திருந்தால் இரண்டு கோடுமே பிரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் தான் பார்த்ததில் பிழை. அல்லது பியெல் சொன்னதில். "சங்கிலி முழுசா விட்டியா அண்ணே? உண்மையச் சொல்லு."

அவன் தலையை வெளியே நீட்டினான். "பின்ன, பாதிய வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சிருக்கேனா? ஒரு கட்டையப் பாத்துப் பயந்துட்டா பாரு நம்ம கேப்டனம்மா."

நிழல் துணியின் கீழ் படுத்திருந்த க்ளோரியா சிரித்தாள். பார்சலோனாவிலிருந்து வந்து படகை வாடகைக்கு எடுத்திருப்பவள். கணவர் ஃபெர்ரான் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார்.

கிமா திரும்பிப் பார்த்தாள். இரண்டு விரல்.

தொலைநோக்கியை எடுத்தாள். கருகிய மரம்தான். வெடித்த பட்டை. மேலே உருண்டையாக ஒரு முடிச்சு. முகம் இல்லை, கை இல்லை. அதைப் பார்த்து நிம்மதி வரவேண்டும். வரவில்லை. கட்டையின் அடியைத் தேடினாள். வேர் எதுவும் மண்ணுக்குள் போகவில்லை.

தொலைநோக்கியை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காற்று ஒருமுறை இறங்கி ஓடியது. சாம்பல் வாசனை.

மறுபடி பார்த்தபோது சுவர் மட்டும் இருந்தது. கட்டை கீழே, தண்ணீரோரப் பாறைகளுக்கு நடுவில் இருந்தது.

"அண்ணே, கிளம்பலாம்."

பியெல் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தான். "எங்க? வெளிய அலை எப்படி எழும்புதுன்னு பாத்தியா? அம்மாவும் சாரும் வாந்தி எடுத்தே செத்துருவாங்க."

"படகு இழுபடுது."

அது பொய். பியெல் கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான். அவனுக்குக் கட்டை எங்கே இருந்தது என்பதே நினைவில்லை. "இழுபடலடி. சரி, ஒண்ணு பண்ணு. முக்குளிச்சு நங்கூரத்தப் பாரு. பிடிவிட்டிருந்தா நானே எஞ்சினப் போடறேன், சிந்தெஸ்கிட்டயும் நானே பேசறேன். இல்லன்னா மூடிக்கிட்டு உக்காந்து சாப்பிடு."

நியாயமான பேச்சு. அதுதான் அவளை உறுத்தியது. அவள் தண்ணீரில் இறங்குவதில் அவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை?

இருந்தும் கறுப்பு நீச்சலுடையை மாட்டினாள். படகின் பின்பக்க ஏணியைத் தானே இறக்கினாள். கரையைப் பார்த்தாள். பாறைகளுக்கு நடுவில் எதுவும் இல்லை.

ஈரப் பாறை கறுப்பாகத்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டு குதித்தாள்.

உள்ளே காற்றின் சத்தம் இல்லை. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நீந்தி, மூச்சடக்கி இறங்கினாள். நங்கூரம் மணலுக்குள் ஆழப் புதைந்து கிடந்தது. போட்ட இடத்திலேயே. இரண்டு பக்கமும் கடற்புல் மெதுவாகச் சாய்ந்து எழுந்தது.

நங்கூரத்துக்கு அருகே மணலில் ஒரு பள்ளம். அடுத்து இன்னொன்று.

வெறுங்கால். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கரையிலிருந்து வந்து, நங்கூரத்தருகே நின்று, சங்கிலியின் ஓரமாகவே படகை நோக்கிப் போயிருந்தன. ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம் கரித்தூள் மிதந்து அடங்கிக்கொண்டிருந்தது.

புதிய தடங்கள்.

மேலே வந்து மூச்செடுத்தாள். மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி நீந்தினாள். தடங்கள் படகின் முனைக்கடியில் நிற்கவில்லை. அடிப்பகுதியின் நிழலுக்குள் நுழைந்தன. மறுபக்கம் வெளியே வந்தன.

ஏணிக்கு நேர் கீழே முடிந்தன.

ஏணியின் கடைசிப் படியைப் பிடித்தாள். தலைக்கு மேலே, மேல்படியில், இரண்டு குதிகால்கள். வெடித்த கரி. கறுத்த நீர் சொட்டியது. அவை ஏறி மறைந்தன.

"வந்துட்டியா?" பியெலின் குரல், மேலே ஏறியதிடம். "என்னடி, பேசாம நிக்கிற? முகமெல்லாம் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"குளிருதோ என்னவோ" என்றாள் க்ளோரியா. "இந்தாம்மா, துண்டு."

"நங்கூரம் பிடிவிட்டிருக்கா இல்லையா? அதச் சொல்லு."

மேல்தளத்தில் ஈரக்கால்கள் இடம் மாறும் சத்தம்.

"தலைய ஆட்டுற. நெசமாவா? சரி சரி, நான்தான் வாக்குக் கொடுத்துட்டேனே. கிளம்புவோம்."

கிமா கத்தினாள். வாயில் தண்ணீர் நிறைந்தது. மேலே எஞ்சின் உறுமியது. ஏணி அவள் பிடியிலிருந்து விருட்டென்று உயர்ந்தது. முன்னால் சங்கிலி கடகடவென்று ஏறத் தொடங்கியது. படகின் பக்கச்சுவரில் அறைந்தாள். அது வழுக்கிக்கொண்டு போனது. சுக்கானைப் பிடித்து நின்ற, அவளுடையதைப் போன்ற கறுப்பு நீச்சலுடை முதுகு திரும்பவில்லை. பியெல் மட்டும் ஒருமுறை மேற்குக் கரையைப் பார்த்தான். எதையோ தேடுகிறவன்போல.

அவன் கண்ணில் பட்டாக வேண்டும்.

கரைக்கு நீந்தினாள். பாறைகளில் ஏறினாள். வெள்ளைக்கு முன்னால் கறுப்பு எவ்வளவு தூரத்திலும் தெரியும். காலையில் அவளே அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். சரிவில் ஓடி, சுண்ணாம்புச் சுவரின் ஓரத்துக்கு முன்னால் போய் நின்றாள். கையை வீச வேண்டும்.

கை உயரவில்லை.

படகு குடாவின் வாயைத் தாண்டியது. அலையில் ஒருமுறை எழுந்தது. பிறகு தெரியவில்லை. சாம்பல் வாசனை இப்போது காற்றில் இல்லை. வெடித்துக் கறுத்த அவள் தோலில் இருந்தது.

வெயில் சாயும்முன் வேறொரு பாய்மரப் படகு உள்ளே வந்தது. காலியாகக் கிடந்த குடாவைப் பார்த்து அதிலிருந்தவர்கள் உற்சாகமாகக் கூவுவது கேட்டது. சங்கிலி இறங்கியது. எஞ்சின் நின்றது.

முன்பக்கம் நின்ற இளைஞன் மேற்குச் சரிவைப் பார்த்தான். கையை முழுதாக நீட்டினான். ஒரு கண்ணை மூடினான். ஒற்றை விரலை நிமிர்த்தி, அவளையும் சுவரையும் ஒரே கோட்டில் வைத்தான்.