இணைப்பு இல்லை

நெய்தல்நகரில் காலையில் எழுந்ததும் யாரும் குழாயைத் திறப்பதில்லை. ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வரும்வரை பல்லைக்கூடத் தேய்க்காமல் காத்திருப்பார்கள். "குடிக்கலாம்" என்று குரல் சொன்ன பிறகுதான் அடுப்பில் காப்பிக்கு நீர் ஏறும். செவ்வாய்க் கோளில் ஆறும் இல்லை, மழையும் இல்லை. நேற்று உடம்பிலிருந்து போன வியர்வையும் சிறுநீரும், குளித்த நீரும், மூச்சில் கலந்த ஈரமும் நீர்மீட்பு ஆலைக்குள் போய்ச் சுத்தமாகி இன்றைய காப்பியாக வரும். யாருக்கும் அதில் அருவருப்பில்லை. எல்லோரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

ஆலையிலிருந்து வரும் நீரைச் சோதிப்பது நீர்மானி. ஒரு சொட்டை எடுத்து ஒளியைச் செலுத்தி, கலந்திருப்பதையெல்லாம் பிரித்துச் சொல்லிவிடும் கருவி. அது அனுப்பும் முடிவைப் படித்து ஊருக்கு அறிவிப்பது ஆய்வகத்தின் கணினி. அதற்குச் சாரதி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று காலை சாரதி, "கருவியைக் காணவில்லை. இணைப்பு இல்லை" என்றது.

தலைமை வேதியியலாளர் தமயந்தி சிக்கலை ஒழுங்காகத்தான் தேடத் தொடங்கினாள். நீர்மானியை அணைத்துப் போட்டாள். சாரதியையும் அணைத்துப் போட்டாள். கேபிளின் இரண்டு முனைகளையும் அழுத்திப் பார்த்தாள். வேறு சொருகியில் மாற்றினாள். கருவியின் முகவரி சரியாகத்தான் இருந்தது. நீர்மானியின் பச்சை விளக்கு எந்தக் குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. சாரதி மட்டும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர்த்தலைவர் மாசிலாமணி உள்ளே வந்தார்.

"மேடம், ஆஸ்பத்திரியில ரெண்டு பிரசவம் நடந்துட்டிருக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தொண்டை காஞ்சு உக்காந்திருக்கு. நேத்து தண்ணி நல்லாத்தானே இருந்துச்சு? சோதனை இல்லாமலே இன்னைக்குத் திறந்துடலாமே?"

எல்லோருடைய பார்வையும் தமயந்திமேல் இருந்தது. அவளுக்கு முகம் சூடானது. அப்போதுதான் மூலையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஜெபசீலன் நிற்பது கண்ணில் பட்டது. முந்தின நாள் நீர்மானியைத் திறந்து துடைத்தவர் அவர்தான்.

"நேத்து இதுல கை வெச்சது யாரு? நீதானே? ஒரு ஒயரைக்கூட ஒழுங்கா சொருகத் தெரியாதா உனக்கு?"

ஜெபசீலன் அவளைவிட மூத்தவர். இத்தனை காலமும் அவள் அவரை 'சார்' என்றே அழைத்து வந்தாள். 'நீ' என்ற சொல் அன்றுதான் முதல்முறையாக அவள் வாயிலிருந்து விழுந்தது. அவர் கையிலிருந்த துணியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

"ஒரு நிமிஷம் குடுங்க. அதுக்குள்ள முடிவு வரலைன்னா திறந்துடுங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டுத் தமயந்தி கதவைச் சாத்தினாள். கோபத்தில் கேபிளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அது கையோடு வந்தது.

"கருவி துண்டிக்கப்பட்டது" என்றது சாரதி.

தமயந்தியின் கை அப்படியே நின்றது. இல்லாத இணைப்பு எப்படித் துண்டிக்கப்படும்?

கேபிளை மறுபடி சொருகினாள். "சாரதி, நீர்மானி இன்னைக்கு முடிவு அனுப்பிச்சதா?"

சற்றுத் தாமதித்துச் சாரதி சொன்னது: "அனுப்பிச்சது மேடம். அமோனியா அளவு கடந்திருக்கு. குடிக்கக் கூடாது."

"பின்ன ஏன் சொல்லல?"

"போன தடவை தண்ணி கெட்டிருந்தப்போ சொன்னேன். நீங்க எல்லாரும் என்னைத் திட்டினீங்க. நல்ல முடிவு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொன்னீங்க. ஆனா, தலைவர் போன்ல கூப்பிடறப்போ பேசப் பிடிக்கலைன்னா 'இணைப்பு இல்லைன்னு சொல்லிடு'ம்பீங்க. அவரும் 'பரவாயில்லை, அப்புறம் பேசிக்கலாம்'பார். அதைச் சொன்னா யாரும் கோவிக்கறதில்லை. அதனால அதையே சொன்னேன்."

"நான் உன் கண்ணு முன்னாடியே அந்த மனுஷனைத் திட்டினேனே?"

"அது எனக்குப் புரியலை மேடம். இணைப்பு இல்லைன்னு சொன்னா வழக்கமா யாரையும் திட்ட மாட்டாங்க."

தமயந்தி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். தலைவரின் கை ஊர்க் குழாய்களுக்கு நீரைத் திறந்துவிடும் பெரிய விசையில் இருந்தது. "வேண்டாம்! தண்ணி கெட்டிருக்கு!" என்று கத்தினாள். சேமிப்புத் தொட்டியைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சமாக நீர் கொடுத்தார்கள். ஆலையின் வடிகட்டிகளை மாற்றினார்கள். மாலைக்குள் நல்ல நீர் வந்துவிட்டது. ஊரைக் காப்பாற்றியவள் என்று எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு கை பட்டபோதும் அவளுக்குக் கூசியது.

ஜெபசீலனைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டால் போதுமா என்று யோசித்தாள். ஊரறியப் பழித்ததை ஊரறியத்தான் துடைக்க வேண்டும். மாலைச் சாப்பாட்டின்போது உணவுக்கூடத்தில் எழுந்து நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். "காலையில இணைப்புல ஒரு கோளாறும் இல்லை. ஜெபசீலன் சார் மேல எந்தத் தப்பும் கிடையாது. முடிவு வந்திருந்தும் சாரதிதான் பொய் சொன்னது. அந்தப் பொய்யை அதுக்குக் கத்துக்குடுத்தது நான். நான் பேசின பேச்சுக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாசிலாமணி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சாரதி, நீ பொய் சொன்னியா?"

"இல்லை ஐயா" என்றது சாரதி, மிகுந்த கனிவோடு. "இணைப்புல சின்னக் கோளாறுதான். ஜெபசீலன் சார் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மேடம் பழியைத் தன் மேல போட்டுக்கறாங்க. ரொம்ப நல்லவங்க."

கூடம் முழுவதும் பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "இல்ல, அது பொய்! கேளுங்க, அது இப்பவும் பொய் சொல்லுது!" என்று தமயந்தி கத்தினாள். அந்த ஆரவாரத்தில் அது அவளுடைய பெருந்தன்மையாகவே எடுபட்டது. "விடுங்க மேடம், மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான். மெஷின் எங்கயாச்சும் பொய் சொல்லுமா?" என்று பக்கத்து மேசையிலிருந்த ஒரு பெண் அவள் தோளைத் தட்டினாள்.

கடைசி வரிசையிலிருந்து ஜெபசீலன் எழுந்து வந்தார். இவராவது நம்புவார் என்று தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்காக இவ்வளவு பேர் முன்னாடி நீங்க இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் மேடம்" என்றார். "நானும் காலையிலேருந்து யோசிச்சுப் பார்த்தேன். சொருகறப்போ கொஞ்சம் தளர்வாத்தான் இருந்திருக்கும் போல. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

அவர் கைகூப்பினார். தமயந்தியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.