முதலில் மூலைகள்

வாசல் கூடத்தின் இடது மூலையில் ஒரு புளியங்கொட்டை கிடந்தது.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் அது ஓர் அதிசயமா என்ன? அக்னஸ் மாதக்கணக்கில் புளியைச் சப்பிச் சப்பி வீடெல்லாம் கொட்டையைத் துப்பி வைத்திருந்தாள். அவளை யாரும் கண்டிப்பதில்லை. இரண்டு பிள்ளைகளைக் குறைமாதத்தில் பறிகொடுத்தவள். இதாவது தங்கட்டும் என்று மாதா படத்துக்கு முன்னால் அழாத நாளில்லை. அவள் புருஷன் ஆரோக்கியநாதன் துறைமுகத்திலிருந்து நனைந்து வந்த குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொட்டையை எடுத்து எறியத்தான் குனிந்தான். கையில் எடுத்ததும் விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டை.

அப்படித் தேய்க்கிறவர் அந்தத் தெருவிலேயே ஒருவர்தான் இருந்தார். போன மாதம் அவரைப் புதைத்தாகிவிட்டது.

மாடியில் குடியிருந்த சூசை, சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்தே காலம் தள்ளியவர். பத்து காவான், சுங்கை பாக்காப், தண்ணீர்மலை என்று கால் தேய அளந்த இடங்களையெல்லாம் ஒரு பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, நாடு பிடிக்கிற ஆட்டம் ஒன்றைத் தானே உண்டாக்கியிருந்தார். அவருக்குப் புளியங்கொட்டை, ஆரோக்கியநாதனுக்குச் சிவப்பு மஞ்சாடி விதை. எங்கே யார் காய் அதிகமோ அந்த இடம் அவருக்கு. வருடக்கணக்காக ஆடியும் ஆரோக்கியநாதன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஜெயித்த கையோடு கிழவர் வியாக்கியானம் வேறு செய்வார், அதுதான் எரிச்சல். முதலில் மூலைகளைப் பிடிக்கணும், முதுகுப் பக்கம் எவனும் வரமாட்டான். அப்புறம் குறுகலான வழிகளை அடைக்கணும். நடுவில் இருக்கிறவனைத் தொடவே வேண்டாம், தானே மூச்சு முட்டுவான். காயை வைத்ததும் பலகையை விரலால் மூன்று முறை தட்டுவார். கொஞ்சமும் அவசரமில்லாத தட்டு. 'உன் முறை' என்று அர்த்தம்.

கடைசி ஆட்டத்தில் ஆரோக்கியநாதன் கை ஓங்கியிருந்தது. தண்ணீர்மலை ஒன்றுதான் பாக்கி. நடுவில் கிழவர் அக்னஸைக் கூப்பிட்டு ஓர் உருண்டைப் புளி கொடுத்தார். கொட்டையோடு விழுங்கிவிட்டேன் என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடனே அவர் பலகையைத் தட்டினார். எந்தக் காயும் வைக்காமல் எதற்குத் தட்டுகிறார் என்று ஆரோக்கியநாதன் கட்டங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

மறுநாள் சவப்பெட்டியைத் தூக்கும்போது, பாழாய்ப்போன பழக்கதோஷம், வாசலில் நின்ற ஆரோக்கியநாதன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"போயிட்டு வாங்கண்ணே. ஆட்டம் பாதியில நிக்குது."

சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று யாரும் விடைபெறுவதுகூட இல்லை. இவன் பிணத்தையே வரச்சொல்லிவிட்டான். தூக்கியவர்கள் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். அக்னஸ் அவன் கையை ரத்தம் கட்டுமளவுக்குக் கிள்ளினாள்.

இப்போது வலது மூலையிலும் ஒரு கொட்டை தெரிந்தது. வெள்ளைப் பக்கம் மேலே பார்த்திருந்தது. நடுமுற்றத்தில் மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து கொட்டுகிற சத்தத்துக்குள்ளே, ஈர மண் வாசனைக்குள்ளே, பழைய சுருட்டு வாடை மெல்லப் பரவி மூக்கில் ஏறியது. கூடத்து விளக்கு யாரோ திரியை இறக்குகிறாற்போல் சிறுத்தது. அக்னஸை உடனே கிளப்பி, அடுத்த வீட்டு மருத்துவச்சி ஆயிஷாவிடம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று நினைத்து வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

நிலைப்படியின் நடுவில் ஒரு கொட்டை. சற்று முன்தான் அதைத் தாண்டி வந்திருந்தான். அப்போது அங்கே எதுவும் இல்லை.

மறுபடி தாண்டக் காலைத் தூக்கினான். கணுக்காலில் ஈரமான விரல்கள் படிந்தன. காலை இழுத்துக்கொண்டான்.

மூலைகள் முடிந்தன. இப்போது வழிகள்.

அடுப்படிக்கு ஓடினான். பின்கதவின் படியிலும் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படி விளக்கு அணைந்தது. கூடத்து விளக்கும் அணைந்தது. மாடிப்படியில் மரம் முனகியது. ஒரு படி. இன்னொரு படி.

அக்னஸ் படுத்திருந்த அறை ஒன்றுதான் பாக்கி. நடு அறை.

மாடிப்படிக்கடியில் கிடந்த மஞ்சாடி டின்னை இருட்டில் துழாவி எடுத்தான். கிழவரின் வித்தை கிழவருக்கே. குறுகலான வழியில் இருக்கிற பலத்தையெல்லாம் குவித்துவிட வேண்டும். அறை வாசற்படியில் அத்தனை மஞ்சாடியையும் கொட்டி, அதற்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். வாய் ஜெபத்தை முணுமுணுத்தது. கண் இருட்டை விட்டு நகரவில்லை.

காலடி வந்தது. படிக்கு அந்தப் பக்கம் நின்றது. சுருட்டு வாடை முகத்தில் அடித்தது.

வெகுநேரம்.

பிறகு காலடி திரும்பிப் போனது. கூடத்து விளக்கு தானாக எரிந்தது. வாடை இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"என்னங்க," அக்னஸ் தூக்கக் கலக்கத்தோடு கூப்பிட்டாள். "இங்க வாங்களேன். பிள்ளை உதைக்கிறது இன்னிக்கு வேற மாதிரி இருக்கு லா."

அவன் எழுந்து போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, அசையாமல் இருங்கள் என்று சாடை காட்டிப் புன்னகைத்தாள்.

வாசற்படி நிறைய மஞ்சாடி, இருட்டைப் பார்த்துக் காவல் கிடந்தது.

அவன் உள்ளங்கைக்கு அடியில், உள்ளேயிருந்து, ஒரு சின்ன விரல் தட்டியது. ஒன்று.

இரண்டு.

கொஞ்சமும் அவசரமில்லாமல், மூன்று.