அக்னி மூலை

கைக்குழந்தையோடு மகள் செல்லக்கனி வந்து இறங்கியபோது, ராஜபாளையத்து வீட்டின் சுவர்கள் வழக்கம்போல் அதிர்ந்துகொண்டிருந்தன. அதே வளாகத்தில்தான் அவள் அப்பா சங்கரலிங்கத்தின் நூல் மில்.

"செத்த நேரம் மெஷினை நிறுத்த மாட்டீகளாப்பா? புள்ள தூங்கணும்ல?"

"நம்ம மில்லு நின்னுச்சுன்னு ஊரு சொல்லப்படாதும்மா."

அது பாதி உண்மை. மெஷின் நின்றால் அவருக்கு ஒரு சத்தம் கேட்கும்.

எண்பத்து மூன்றில் மில் கட்டும்போதே இன்ஜினியர் சொன்னார்: தென்கிழக்கு மதிலை ஒட்டி ஒரு குடிசை இருக்கிறது, மெஷினை மேற்கே காலி நிலத்துப் பக்கம் தள்ளுங்கள், இல்லையேல் இரட்டைச் சுவராவது எழுப்புங்கள். சங்கரலிங்கம் அசையவில்லை. வாஸ்துப்படி இயந்திரம் தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் நிற்க வேண்டும். ஒரு கூலிக்காரிக்காக அவர் குடும்பம் மூலை மாற்றுவதா?

மில் ஓடத் தொடங்கியதும் குடிசைக்காரி வெள்ளைத்தாய் பிள்ளையை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மொதலாளி, புள்ளைக்கும் எனக்கும் ஒறக்கமே இல்ல. மண்டை வெடிக்குது."

கழிவுப் பஞ்சை அள்ளி அவள் மடியில் எறிந்தார்.

"காதுல அடைச்சுக்கோட்டி. எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

வேலையாட்கள் சிரித்தார்கள்.

அவள் அடைத்துக்கொண்டு தூங்கினாள். தொட்டில் சேலை முறுக்கிப் பிள்ளையின் கழுத்தை இறுக்கியது. அது அழுதது அவளுக்குக் கேட்கவில்லை. மறுநாள் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கியபோதும் காதில் பஞ்சு இருந்தது.

குடிசை நின்ற இடத்தில் இப்போது மகளுக்கென்று புது அறை. அதற்கு மட்டும் இரட்டைச் சுவர்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்ப்பா. புள்ள தொட்டில்ல தூங்குதான், பாத்துக்கோங்க."

அவள் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

மெஷின்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. நல்ல வெயில் நேரம். ஆனாலும் கூடம் குளிர்ந்தது. தாய்ப்பால் புளித்த வாடை.

பிறகு, சுவருக்குள்ளிருந்து மெல்லிய அழுகை.

எப்போதும் வருவதுதான்.

"கேக்க மாட்டேன்ட்டி" என்று முணுமுணுத்தார். இரு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்தார்.

பாதத்தில் அதிர்வு ஏறியது. கரண்ட் வந்துவிட்டது, மெஷின் ஓடுகிறது. நிம்மதியாகக் கண்மூடினார்.

திறந்தபோது, அறை வாசலில் செல்லக்கனி வாய் பிளந்து நின்றாள். சத்தமே இல்லை.

பஞ்சைப் பிடுங்கினார்.

அலறல்.

முறுக்கிய சேலையை அறுத்துப் பேரனை இறக்கிக் கிடத்தினார்கள். அவன் இரண்டு காதுகளிலும் பஞ்சு அடைத்திருந்தது.

பழுப்பேறிய, பழைய பஞ்சு. அதிலிருந்து கிணற்று நீர் சொட்டியது.