நாங்கு மரத்தின் பின்பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே, மழைக்காட்டின் நடுவில், நாங்கு என்னும் பெரிய காட்டு மரத்தடியில் கிருஷ்ணவேணி அண்ணாந்து நின்றாள். மரத்தில் பாதி செத்திருந்தது. வழியைப் பார்த்த பக்கம் செம்பு நிறத்தில் புதுத்தளிர். பின்பக்கம் வெறும் குச்சிகள். அடிமரத்தில் கறுப்பாக நீர் கசிந்து காய்ந்திருந்தது. எத்தனை நூறு வயது என்று யாருக்கும் தெரியாத மரம்.

"வேரழுகல்தான்," என்றாள். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தாவர நோய்களைக் கண்டறிவது அவள் வேலை. "மண்ணுல இருக்கற கிருமி. இந்தக் காட்டுல இதுவரைக்கும் கிடையாது. யாரோ வெளியிலேர்ந்து மண்ணோட கொண்டுவந்திருக்காங்க."

"யாரோ என்ன? இதோ நிக்கறாளே, இவதான்," என்றார் ஸ்ரீகண்டன்.

ஸ்ரீகண்டன் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். வீடு திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரகாரத்தில். காட்டைப் பார்க்க வருகிறவர்களை அழைத்து வரும் குழுவுக்குத் தலைவர். காட்டின் வாசலில் செருப்பைத் தேய்த்து, மருந்துத் தண்ணீரில் நனைத்த பிறகே யாரும் உள்ளே வரலாம் என்று விதி போட்டவரும் அவர்தான். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் தளர்த்தமாட்டார்.

அவர் கைகாட்டிய இசக்கி, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். குழுவின் வழிகாட்டி.

"இவ தோட்டத்து மிளகுக்கொடி பூரா போன மழையில அழுகிப் போயிடுத்து. அங்கேர்ந்து நேரா இங்கதான் வரா. இத்தனை நாள் கழிச்சு மரம் கன்னு விட்டதேன்னு சந்தோஷப்பட்டேன். அந்த அஞ்சும் போயிடப் போறது."

நேற்று குழுவினர் அத்தனை பேர் முன்னாலும் இதையே சொல்லி, இசக்கியை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

இசக்கியின் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. "கழுவாம ஒரு நாளும் உள்ள கேறினதில்ல மேடம், சத்தியமாட்டு. எங்க ஆளுக தலைமுறையா பொங்கல் வைக்கிற மரம் இது. நான் இதுக்குக் கேடு செய்வேனா?"

கிருஷ்ணவேணி மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே முழங்கால் உயரத்தில் நான்கு நாங்குக் கன்றுகள். மூன்று வாடியிருந்தன. ஒன்று மட்டும் பச்சை.

"இந்தப் பக்கம் யாரெல்லாம் வருவாங்க, இசக்கி?"

"வர்றவங்க யாரும் வரக்கூடாது. கயிறு கெட்டியிருக்கு அல்லே? நானும் சாரும் மட்டும்தான்."

"கன்னு எப்ப முளைச்சுது?"

"இந்த மழைக்குப் பொறவுதான் கண்ணுல பட்டுது. சாருதான் முதல்ல கண்டாரு."

"வாசல்ல பையெல்லாம் சோதிப்பீங்களா?"

"பையா? செருப்பைத்தான் நோக்குவோம்."

கிருஷ்ணவேணி இசக்கியின் தோட்டம், காட்டுவழி, மரத்தின் முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாக மண் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு இறங்கினாள். மண்ணைத் தண்ணீரில் கரைத்து இலைத்துண்டுகளை மிதக்கவிட்டாள். கிருமி இருந்தால் இலையில் புள்ளி விழும்.

வெள்ளிக்கிழமை மறுபடி மலையேறி வந்தாள். வனக்காவலர் வினீத்தும் உடன் வந்தார். ஸ்ரீகண்டனும் இசக்கியும் மரத்தடியில் காத்திருந்தார்கள்.

"இசக்கி தோட்டத்து மண்ணுல கிருமி இருக்கு," என்றாள்.

"நான்தான் சொன்னேனே!"

"இருங்க சார். மரத்துக்குப் பின்பக்க மண்ணுலயும் இருக்கு. ஆனா நடந்து வர்ற வழியில இல்ல. முன்பக்கமும் இல்ல. கால்ல ஒட்டி வந்திருந்தா வழி நெடுக உதிர்ந்திருக்கும். அப்ப இது கால்ல வரல. மண்ணாவே, மொத்தமா வந்து பின்பக்கம் இறங்கியிருக்கு."

வாடிய கன்று ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"நாங்கு ஆணிவேர் நேரா கீழ இறங்கும். இது வட்டமா சுருண்டிருக்கு. தொட்டியில வளர்ந்த கன்னுக்குத்தான் வேர் இப்படிச் சுத்தும். நடுவுல சிக்கியிருக்கறது தொட்டி மண்ணுல கலக்கற தென்னை நார்த்தூள். இந்த உயரத்துல தென்னை ஏது? நோய் வந்து கன்னு வாடினதா எல்லாரும் நினைச்சோம். இல்ல. கன்னோடதான் நோயே வந்தது."

வினீத் கேட்டார்: "இசக்கி வச்சதா இருக்கலாமே மேடம்?"

கிருஷ்ணவேணி கன்றுகளுக்கு நடுவே சருகை விலக்கினாள். அழுகி மடிந்த ஐந்தாவது தண்டு ஒன்று மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

"மேல தெரிஞ்சது நாலுதான். மழைக்குப் பிறகு கண்ணுல பட்டதும் நாலுதான், இல்லையா இசக்கி?"

"நாலுதான் மேடம். சாரு காட்டித் தந்த அன்னைக்கே நாலுதான்."

"அஞ்சுன்னு சொன்னவர் ஒருத்தர்தான். நட்டவருக்குத்தான் எத்தனைன்னு தெரியும்." அவள் ஸ்ரீகண்டனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார்?"

ஸ்ரீகண்டன் மரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"விதை இந்த மரத்தோடதுதான் வேணி. வருஷா வருஷம் காய்க்கறது, கீழ ஒண்ணும் தங்கறதில்லை. எனக்கும் வயசாயிடுத்து. நடறதுக்கு அனுமதி கேட்டா எப்ப வருமோ? மாடியில தொட்டி வச்சு, கடையில வாங்கின மண்ணுல வளர்த்தேன். அம்மாகிட்டவே குழந்தையைக் கொண்டு விடறோம், இதுல என்ன தப்புன்னு..." குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "செருப்பை அவ்வளவு தேய்ச்சேனே. தோள்ல தொங்கின பையை நினைச்சே பார்க்கலை. மரம் பிழைக்குமா?"

"தெரியாது சார். முன்பக்கத்து வேர் நல்லா இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல பள்ளம் வெட்டி மருந்து கொடுத்துப் பார்க்கணும். காட்டை மூடணும். கன்னு எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கணும்."

"பச்சையா இருக்கே, அதையுமா?"

"அதையும்தான்."

அவர் இசக்கியின் பக்கம் திரும்பினார். "உன்னை நான்..."

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்க சாரே," என்றாள் இசக்கி. "இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"சொல்றேன்."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். பச்சைக் கன்றின் நுனியில் சிவப்பாக ஒரு தளிர் விட்டிருந்தது. அதைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடி தொட்டார். பிறகு அடியோடு பிடித்து இழுத்தார். வினீத்திடமிருந்து சாக்கை வாங்கி, இசக்கி அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.