இருபதாம் நாள் கூப்பிட்ட குரல்

சாவியோவுக்கு வேர்க்கவில்லை.

மே மாதத்து ராயபுரம். சாயங்காலம் ஆறரை ஆகியும் மொட்டை மாடிச் சூடு கூரை வழியாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மெர்லினின் நைட்டி முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஏழு வயது மகள் ஜானட்டுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு, பவுடர் நனைந்து திட்டுத் திட்டாக நின்றது. ஃபேன் ஓடுகிறது என்று பேர்தான்; மேலே இருந்த அனலை அள்ளி அவர்கள் தலையிலேயே கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று உறுமின, டீசல் புகையும் காய்ந்த மீன் கவிச்சையும் சேர்ந்து உள்ளே வந்தன. இத்தனைக்கும் நடுவில், டிவிக்கு நேராகப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த மெர்லினின் புருஷன் சாவியோவின் பனியன் இப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த மாதிரி காய்ந்திருந்தது. அது காலையில் போட்ட பனியன்.

காசிமேட்டில் விசைப்படகில் பன்னிரண்டு வருஷம் வலை இழுத்தவன் அவன். மார்கழியிலேயே வேர்த்து வழிகிற உடம்பு. அவன் தலையணையை வாரம் ஒரு தரம் வெயிலில் போட்டால்தான் நாற்றம் போகும், அதற்கு மெர்லின் எத்தனை தடவை அவனைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறாள்! காட்டிலிருந்து அவன் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. தலையணையை ஒரு நாள்கூட அவள் மாடிக்கு எடுத்துப்போகவில்லை.

‘கடைசி ஆள்’ என்று டிவியில் ஒரு போட்டி. கேரள எல்லையில் ஏதோ ஒரு காட்டில் பதினான்கு பேரைத் தனித்தனியாக இறக்கிவிட்டார்கள். இருபத்தோரு நாள் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கத்தி, ஒரு தார்ப்பாய், மரத்தில் கட்டி வைத்த ஒரு கேமரா. அந்தக் கேமராவுக்கு முன்னால்தான் சமைக்க வேண்டும், தூங்க வேண்டும். முடியாதவன் சிவப்பு விசிலை ஊதினால் ஜீப் வந்து அள்ளிக்கொண்டு போகும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போட்டு, இன்றைக்குக் கடைசி பாகம். அது முடிகிறவரை பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சாவியோ இப்படி ஊமையாகிப் போனதற்குத் தெருவே அதைத்தான் காரணமாகச் சொல்லிற்று.

சும்மா சொல்கிறார்கள். அவன் ஊமை ஒன்றும் இல்லை. பேசுவான், ஆனால் மெர்லின் பேசியதைத்தான் பேசுவான். காலையில் அவள் பிள்ளையைப் பார்த்து, “துன்னியா இல்லியாடி?” என்று கேட்டால், ராத்திரி அவன் அதையே, அவள் இழுத்த அதே இழுப்போடு பிள்ளையிடம் கேட்பான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தையில்லாமல் மூச்சு விடாத மனுஷன், இந்த இரண்டு மாதத்தில் ஒரு வார்த்தை சொந்தமாகச் சொல்லவில்லை. வந்த புதிதில் உடம்பு சரியில்லை என்று படகுக்குப் போகவில்லை. அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்து எல்லாப் படகும் கரையேறிவிட்டதால் யாரும் கேட்கவும் இல்லை.

கீழ் வீட்டு டோரதி அக்காவிடம் மெர்லின் ஒருநாள் அழுதே சொன்னாள். அக்கா மீனை அலசிக்கொண்டே, “காட்ல கெடந்துட்டு வந்தவன்டி, மெரண்டு கீறான். குடிக்காம அடிக்காம வூட்ல குந்திகினு கீறான், அதுக்குப் போயி அய்வுறியே! சும்மா பேஜாரு பண்ணாத” என்று அனுப்பிவிட்டாள்.

அதனால்தான் மெர்லின் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். அந்தக் காட்டில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இவன் அவள் புருஷன்தான் என்று தெரிந்தால் மாதா கோயிலுக்கு முட்டி போட்டே போகலாம். இல்லை என்று தெரிந்தால், அடுத்த நிமிஷம் ஜானட்டைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் இருக்கும் கூடப் பிறந்த அக்கா வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். பிள்ளையை அவனோடு ஒரு ராத்திரிகூட இனி விட முடியாது.

“அண்ணி! அண்ணன இட்டுகினு கீய வாங்கோ! ஸ்க்ரீன்லாம் கட்டியாச்சு!” தெருவிலிருந்து கத்தியது டெரிக், சாவியோவின் தம்பி. தெரு பூராவும் சேர் போட்டு உட்கார்ந்திருந்தது. பட்டாசு வாங்கி வைத்திருந்தார்கள். கீழே போய்விடலாம், நாலு பேர் நடுவில் இருந்தால் பயம் இல்லை என்று மெர்லின் எழுந்தாள்.

“வூட்லயே பாக்கலாம்,” என்றான் சாவியோ.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன வார்த்தை. அவன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். கதவின் மேல்தாழ்ப்பாள் துருப்பிடித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, சுத்தியல் வைத்து அடித்தாலும் நகராது. அவன் ஒரு விரலால் தள்ளினான். அது பேசாமல் போய் உட்கார்ந்தது. அவனும் வந்து உட்கார்ந்தான்.

டிவியில் முதல் நாளிலிருந்து ஒரு தரம் ஓட்டிக் காட்டினார்கள். வேலப்பன் என்கிற காட்டு வழிகாட்டி, வெற்றிலை மென்றுகொண்டே, பதினான்கு பேரையும் நிற்க வைத்துச் சொன்னான். “இங்க யாராச்சும் கூப்பிட்டா ஒடனே பதில் சொல்லிராதீங்க. ரெண்டு தடவ கூப்பிட்டாலும் சும்மா இருங்க. மூணாவது தடவயும் கூப்பிட்டா அது மனுசன். அப்ப பேசுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். டிவிக்குள் இருந்த சாவியோ சத்தமாகச் சிரித்தான். “எங்க ஏரியாவுல போட்டுக்காரன் ஒரு வாட்டிதான் நைனா கூப்டுவான். பதில் குடுக்கலன்னா வுட்டுட்டு பூடுவான்!”

அந்தச் சிரிப்பைக் கேட்டதும், குடிக்க எடுத்த தண்ணீர்ச் சொம்பை மெர்லின் அப்படியே கையில் பிடித்துக்கொண்டாள். என் ராசா, இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாச்சு! அவன் சொன்னது நிஜம். விடிகாலை மூன்று மணிக்குப் படகு டிரைவர் தெருவில் நின்று ஒரே ஒரு குரல் கொடுப்பான். தூக்கத்திலேயே “தோ வந்துட்டேன்” என்று கத்தாவிட்டால் அன்றைக்குக் கடல் இல்லை, சோறும் இல்லை. காசிமேட்டுக்குப் போகிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். இந்த வீட்டில் ஜானட்டைக்கூட இரண்டாம் தரம் கூப்பிட்டது கிடையாது.

விளம்பரம் முடிந்து இருபதாம் நாள் வந்தது.

மிச்சம் இரண்டே பேர். சாவியோவும், நாகர்கோவில் பக்கத்து வேதமாணிக்கம் என்கிற பழைய பட்டாளத்துக்காரரும். இரவு. கேமராவின் பச்சை வெளிச்சத்தில் சாவியோ தார்ப்பாய்க்கு அடியில் சுருண்டு தூங்கினான். பூச்சிகள் விடாமல் கத்தின, எங்கேயோ தண்ணீர் ஓடிற்று. திடீரென்று பூச்சிகள் எல்லாம் நின்றன.

“ஜானட் அப்பா.”

மெர்லின் கையிலிருந்த சொம்பு நழுவியது.

அவள் குரல். அவளுடைய குரலேதான். சமையலறையிலிருந்து, அடுப்பில் கண் வைத்துக்கொண்டே, கொஞ்சம் எரிச்சலாக அவள் கூப்பிடுகிற குரல். திரையின் அடியில் ஒரு வரி ஓடிற்று: ‘ஏதோ பறவை’.

“தோ வந்துட்டேன்,” என்றான் சாவியோ. கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. எழுந்து, தடுமாறி, இடது பக்கம் இருட்டுக்குள் போனான். பறவைக்குப் பதில் சொல்கிறார் பாருங்கள் என்று தொகுப்பாளர் சிரித்தார். கோமாளி சத்தம் ஒன்று போட்டார்கள். கீழே தெருவும் ஹோவென்று சிரித்தது.

“அம்மா,” என்றாள் ஜானட் மெதுவாக. “அது உன் கொரல்தான?”

அந்த ராத்திரி மெர்லின் இந்த வீட்டில், இதே பாயில் படுத்திருந்தாள். மெல்லத் தலையைத் திருப்பிச் சேரைப் பார்த்தாள். சாவியோ டிவியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறானோ தெரியவில்லை.

திரையில் வெறும் தார்ப்பாய். மூலையில் மணி ஓடிற்று. இரண்டேகால். மூன்று. நாலரை. அப்புறம் வலது பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். போனது இடது பக்கம். சாவியோவின் முகம், சாவியோவின் சட்டை. சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, பொத்தான்கள் மாறி மாறி மாட்டியிருந்தன. அவன் நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றான். வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான். பேசப் பழகுகிற மாதிரி இருந்தது.

“ஜானட் அப்பா,” என்றது அந்த வாய்.

மனைவியின் நினைவில் உருகுகிறார் என்று வயலின் போட்டார்கள்.

“அம்மா, தண்ணி தாகமா கீது,” என்று ஜானட் எழுந்து சமையலறைக்குப் போனாள். மெர்லின் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை. போகட்டும். அவன் கண்ணில் படாமல் இருக்கட்டும். இன்னும் கொஞ்சம்தான். முடிந்ததும் கீழே இருப்பவர்கள் ஓடி வருவார்கள்.

டிவியில் பொழுது விடிந்தது. வேதமாணிக்கம் தன் இடத்திலிருந்து நடந்து, நெருப்பு கேட்டு சாவியோவின் கூடாரத்துக்கு வந்தார். பக்கத்தில் வந்தவர் நின்றார். அவர் முகத்தை மட்டும் கேமரா காட்டிற்று. இரண்டு யுத்தம் பார்த்தவர் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அந்த மனுஷன் விசிலை வாயில் வைத்து ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். ஜீப் வந்து அவரை ஏற்றிய பிறகும் பல்லிடுக்கிலிருந்து விசிலை எடுக்க முடியவில்லை. “அதோட என்னால இருக்க முடியாதுங்க,” என்று அழுதார். பசி மயக்கம் என்றார் தொகுப்பாளர்.

ஜெயித்தது சாவியோ! தெருவில் பட்டாசு வெடித்தது. மேளம். விசில். டெரிக் அண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். படிக்கட்டில் தடதடவென்று கால்கள் ஏற ஆரம்பித்தன.

திரையில் பெயர்கள் ஓடின. பெயர்களுக்குப் பின்னால், மரத்துக் கேமரா கடைசியாக எடுத்தது. காலியான கூடாரம். மாலை போட்ட சாவியோவை ஏற்றிக்கொண்டு ஜீப் போகிறது. மண் புழுதி. தூரத்தில் நாணல்.

நாணலில் ஏதோ அசைந்தது.

மெர்லின் டிவிக்குப் பக்கத்தில் போனாள். மண்டியிட்டாள். கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். ஓர் ஆள். சட்டையில்லாத ஆள், முழங்கையால் ஊர்ந்து வருகிறான். வலை இழுத்து இழுத்து இடது தோள் மட்டும் இறங்கின உடம்பு. அந்தத் தோளில்தான் பத்து வருஷமாக அவள் தலை வைத்துத் தூங்கினாள். அவன் போகிற ஜீப்பைப் பார்த்துக் கையைத் தூக்கினான். வாயை அகலத் திறந்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. சத்தம் வரவில்லை. ஒரு துளிச் சத்தம்கூட வரவில்லை. ஜீப் போய்விட்டது. உடை அலங்காரம், உணவு ஏற்பாடு, நன்றி என்று பெயர்கள் அவன் மேல் ஏறிப்போயின. அப்புறம் சமையல் எண்ணெய் விளம்பரம்.

ஐயோ, ஐயோ, இரண்டு மாதம்! இங்கே இதற்கு மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டிருந்தேனே!

கதவை இடித்தார்கள். “அண்ணி, தொறங்கோ! அண்ணன தோள்ல தூக்கணும்!” டெரிக்கின் குரல். மேளம் வாசலிலேயே முழங்கியது.

தாழ்ப்பாள் அவள் கைக்கு நகராது. தெரியும். முதலில் பிள்ளை. மெர்லின் எழுந்து ஓடினாள். சமையலறை வாசலில் போய், அவன் பக்கம் முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து வழியை அடைத்து நின்றாள். உள்ளே ஜானட் குடத்துப் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வராதே. பேசாதே. யார் கூப்பிட்டாலும் பேசாதே. வாயைத் திறந்து சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி கத்தினாள். தொண்டை வலித்தது. காற்றுதான் வந்தது.

பின்னால் பிளாஸ்டிக் சேர் கிறீச்சிட்டது. மெர்லின் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றிருந்தான். வாயை நிதானமாகத் திறந்தான். இந்தத் தடவை திக்கவில்லை.

“ஜானட்.”

மெர்லினின் குரல். செல்லமாக. ஒரே ஒரு தரம்.

“தோ வந்துட்டேம்மா!”

டம்ளரை வைத்துவிட்டுப் பிள்ளை ஓடி வந்தாள். மெர்லின் குனிந்து பிடித்தாள், கவுன் விரலில் மாட்டியது, பிய்த்துக்கொண்டு போனது. வழியில் நிற்கிற பீரோவைச் சுற்றிப் போவது போல ஜானட் அவளைச் சுற்றிப் போனாள். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவு அதிர்ந்தது, மேளம் அதிர்ந்தது. பிள்ளை நேராகப் போய் அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாம்மா?” என்று கேட்டாள்.