ஒன்பது பல்புகள்

மழைத்தண்ணீர் நேராக அவளுடைய நோட்டில்தான் கொட்டியது. குடையை மடக்கியவன் பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைக்க, மிச்சமிருந்த மையும் கரைந்தது.

அவள் திட்டத்தான் நிமிர்ந்தாள். இமை நுனியில் ஒரு துளி தொங்க, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான் அவன்… சட்டையில் லிஃப்ட் கம்பெனியின் முத்திரை. மெக்கானிக் போலிருக்கிறது. திட்ட மறந்துபோனாள்.

வழக்கமான கேள்வியைக் கேட்டாள். எங்கள் விளக்குக் கடையைப் பற்றி எப்படித் தெரியும்?

அவன் மழைக்கு ஒதுங்கியவன். ஆனால் பேனாவோடு காத்திருந்த அந்தக் கண்கள்…

"ஃபோன்ல விளம்பரம் பாத்தேன்" என்றான். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காகவே ஒரு பல்பு வாங்கிப் போனான்.

கடை அவளுடைய அண்ணனுடையது. மாலை வகுப்பில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிக்கிறவள், நான்கு வாரம் விளம்பரம் போட அண்ணனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தாள். போட்ட காசு லாபமாகத் திரும்பாவிட்டால் விளம்பரமும் கிடையாது, வகுப்புக்கு ஃபீஸும் கிடையாது என்று அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான். அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினாள்.

மெக்கானிக் மறுபடி வந்தான். மறுபடியும்… ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பல்பு, அதே பதில்.

"வீட்ல பல்பைத்தான் சாப்பிடுறீங்களா?"

"கொஞ்சம் பெரிய வீடுங்க" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டு.

நான்காம் வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தாள். செலவு ஆறாயிரம். விளம்பரம் பார்த்து வந்தவர்களால் கிடைத்த லாபம் ஆறாயிரத்து முந்நூறு. துள்ளிக் குதிக்க வேண்டியவள், ஒன்பது முறை வந்திருந்த ஒரே பெயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சரியாகத்தான் செய்தேனா?

மறுநாள் அவன் வந்ததும் கேட்டுவிட்டாள். "எங்க விளம்பரத்துல என்ன படம் இருக்கு?"

"எரியுற… பல்பு?"

"மேசை விளக்கு. அடியில தூங்குற பூனை."

அவன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். இருப்பது ஒரே அறை. அதில் ஒரு பல்பு எரிகிறது; மற்ற எட்டும் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கின்றன.

"உங்களுக்கு இது விளையாட்டு. எனக்குப் படிப்பு. இனிமே வராதீங்க."

அவன் போனதும் நோட்டில் அவன் பெயரிலிருந்த ஒன்பது வரிகளையும் அடித்தாள். பல்புக்கு ஐம்பது ரூபாய் லாபம் வீதம் நானூற்றைம்பது போயிற்று. நூற்றைம்பது நஷ்டம். அண்ணனிடம் நோட்டைக் கொடுத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அவள் அடித்திருந்த வரிகளை அண்ணன் விரல் வைத்து எண்ணினான்.

"அடிக்காம குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுண்ணா."

"விளம்பரத்தை நிறுத்து. க்ளாஸை நிறுத்தாத. நூத்தம்பது நஷ்டத்தை ஒளிக்காத ஆளு கணக்கு பாத்தா, நான் நிம்மதியா இருப்பேன்."

நிம்மதி அவளுக்குத்தான் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த லிஃப்ட் கம்பெனிப் பட்டறைக்குத் தூறலில் நனைந்தபடி நடந்தாள். கிரீஸ் கையோடு எழுந்து வந்தவன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். அவள் கைகாட்டி நிறுத்தினாள்.

"விளம்பரம்னு சொல்றவங்ககிட்ட என்ன படம்னும் கேக்கணும்னு க்ளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. எல்லார்கிட்டயும் கேட்டேன். உங்ககிட்ட மட்டும்… கேக்கல."

"ஏன்?"

"ரெண்டாவது தடவையே சந்தேகம் வந்துடுச்சு. கேட்டு, பொய்னு ஆயிட்டா… நீங்க வர்றது நின்னுடுமேன்னு…"

தூறல் வலுத்தது. அவள் தரையைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அப்போ நாளைக்கு… எதுவும் வாங்காம வரலாமா?"

"வாங்க" என்றாள். "அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."